பெரியமடுக் குளத்திடம் ஒரு கேள்வி

1

சித்திரை நடுப்பகுதி வந்துவிட்டால் எங்கள் ஆய்வுகூடத்துக்குத் தபாலில் தண்ணீர் வரத் தொடங்கும். ஆட்டுப் பண்ணையின் குட்டை, பள்ளிக்கூடத் தோட்டத்துக் குட்டை, வீடு கட்டுவதற்காக யாரோ வாங்கி வைத்திருக்கும் வெறுங்காணியின் குட்டை என்று இங்கிலாந்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வரும். விரல் நீளக் குழாய்கள், ஒரு பெட்டிக்கு ஆறு. ஆனி மாதம் முடியும்வரை எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

இந்தக் கிழமையோடு நான் அந்த வேலையில் சேர்ந்து பத்து வருடம். கூட வேலை செய்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அதன்மேல் பச்சை நிறத்தில் நீண்ட வாலுள்ள ஒரு பிராணி. படம் எடுத்துப் பெரியமடுவில் இருக்கும் ரஞ்சிதம் மச்சாளுக்கு அனுப்பினேன். என் மூத்த அண்ணன் அந்தோனியின் மனைவி அவர். பத்து நிமிடத்தில் தொலைபேசி எடுத்தார்.

"பத்து வரியமாப் பல்லி மூத்திரம் பாத்ததுக்குக் கேக்கும் தாறாங்களோ?" என்று கேட்டார். பிறகு, கேக் நல்ல வடிவு, வாலை மட்டும் வெட்டாமல் வைத்துக்கொள் என்றும் சொன்னார்.

ஊரில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வியும் அதுதான். தண்ணீரில் என்ன பார்க்கிறாய்? அதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அதைச் சொல்லப் போனால், நான் ஒருமுறை ஊருக்கு வந்து நின்றபோது மச்சாள் கேட்ட ஒன்றையும் சொல்லாமல் முடியாது.

2

தண்ணீரில் வாழும் எந்த உயிரும் தன்னை அதில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. செதிளிலிருந்து ஒரு துகள், தோலின் வழுவழுப்பு, எச்சம், முட்டையின் சளி. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களுக்குள் அந்த உயிரின் டி.என்.ஏ. இருக்கும். குட்டையைச் சுற்றி இருபது இடங்களில் ஒவ்வொரு கரண்டி தண்ணீர் அள்ளிக் கலந்து அனுப்பினால், எங்கள் இயந்திரம் அதிலிருந்து இன்ன மீன், இன்ன தவளை என்று சொல்லிவிடும். வலை போட வேண்டாம், யாரையும் பிடித்துத் துன்புறுத்த வேண்டாம். சுற்றாடல் டி.என்.ஏ. என்று இதற்குப் பெயர்.

நாங்கள் அதிகம் தேடுவது ஒரு வாலுள்ள பிராணியை. தவளைக்கு உறவு, பார்க்கப் பல்லி மாதிரி. இலங்கையில் அப்படி ஒன்று கிடையாது, ஆகவே தமிழிலும் அதற்கு என்னிடம் சொல் இல்லை. மச்சாளிடம் "வால்தவளை" என்று சொல்லிவைத்தேன். அவர் அதை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். அந்த வால்தவளை குடியிருக்கும் குட்டையை இங்கே சட்டம் காக்கிறது. அனுமதி இல்லாமல் பக்கத்தில் மண்வெட்டி போடக்கூடாது. தெருப் போடுவதே சில மாதம் தள்ளிப்போன இடங்கள் உண்டு.

முதல் வருடம் இது எனக்குக் கோபம் தந்தது. ஊரில் எங்கள் சனத்தை வீட்டைவிட்டு எழும்பச் சொன்னபோது அரிசியை மூட்டை கட்டும் அளவுக்குத்தான் நேரம் கிடைத்தது. இங்கே வாலுள்ள ஒரு தவளையை எழுப்புவதற்கு இரண்டு பக்கமும் கடிதம் எழுதி, இன்னொரு குட்டை வெட்டிக்கொடுத்து, அது போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்கிறார்கள். பிறகு ஒரு வசந்தத்தில் அதை நேரில் பார்த்தேன். செம்மஞ்சள் வயிறும் கறுப்புப் புள்ளிகளுமாய், என் கையுறைமேல் ஏறி நின்று என்னையே பார்த்தது. அதற்குமேல் அதனோடு கோபிக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் அதன் பெயர் நியூட். ஆடையில்லாமல் இருப்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லும் கிட்டத்தட்ட அதேதான், கடைசி ஓசை மட்டும் கொஞ்சம் மெதுவானது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. என் வாயிலும் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை, முடிவைச் சொல்வதற்காக வீடு கட்டும் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் குட்டையில் நியூட் இருக்கிறது என்றேன். அவர் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, எத்தனை பேர் என்று கேட்டார். எண்ணிக்கை எங்கள் சோதனையில் தெரியாது, இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் தெரியும் என்று மிக மரியாதையாக விளக்கினேன். மேலதிகாரி சிரித்துக் கண்ணீர் துடைத்துக்கொண்டு வந்து தொலைபேசியை வாங்கினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் மெலனி நிலத்தில் விழுந்து சிரித்தாள். பிறகு என்னைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று அரை மணித்தியாலம் பழக்கினாள். அவளுடைய ஆங்கிலத்துக்கு நான் மாணவி ஆனது அன்றுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளுக்குத் தமிழ் எவ்வளவு விளங்குகிறது என்று எனக்கே சரியாகத் தெரியாமல் போன வருடங்கள் அவை.

3

அந்தோனி அண்ணனுக்கு வயல் கொஞ்சம் இருந்தது. ஆனால் மனம் முழுக்கப் பெரியமடுக் குளத்தில்தான். விரால் எந்தக் கல்லுக்குக் கீழே கிடக்கும், கெளிறு எப்போது கரைக்கு வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிடித்த மீனில் நல்லதை எப்போதும் யாருக்காவது கொடுத்துவிட்டு வருவார், மச்சாள் ஏசுவார். கலியாணமாகிப் பிள்ளை இல்லை என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

கடைசிச் சண்டை எங்கள் பக்கம் வந்தபோது நான் கலியாணம் முடித்து இங்கே வந்துவிட்டேன். ஊரே எழும்பி இலுப்பைக்கடவைப் பக்கம் நகரத் தொடங்கிய காலை, உழவு மெசினில் சாமான் ஏற்றி முடிந்ததும், குளத்தில் வலை கிடக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அண்ணன் சைக்கிளில் போனார். போகிற இடத்தில் வலை இருந்தால் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். அவர் திரும்பி வரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. கண்டேன் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

மச்சாள் தெருவோரம் ஒரு பாலைமரத்தின் கீழ் இரண்டு நாள் காத்திருந்தார். சனம் முழுக்கப் போனபிறகு அயலவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு படகில் கடல் கடந்து, தமிழ்நாட்டு முகாமில் சில வருடம். சண்டை முடிந்து மீள்குடியேற்றம் என்று அறிவித்ததும் திரும்பி வந்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர். கண்ணிவெடி எடுத்து முடித்த காணியில் தகரக் கொட்டில் போட்டு, பற்றையை வெட்டி, தனியாகக் கத்தரி நட்டார். என்னோடு லண்டனுக்கு வாங்கோ என்று நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: அவர் வந்து பார்க்கேக்க வீடு பூட்டியிருக்கக் கூடாது.

4

மெலனிக்குப் பதினான்கு வயதானபோது ஆவணி விடுமுறையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு அப்போது ஓர் ஆசை. குளத்தில் திலாப்பியா விட்டபிறகு விரால் அருகிவிட்டது என்று மச்சாள் சொல்லிக்கொண்டிருந்தார். நம்முடைய குளத்துத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று என் கையாலேயே பார்த்தால் என்ன? கொஞ்சம் வடிகட்டிகளும் ஊசி மருந்துக்குப் பாவிப்பது போன்ற பெரிய பீச்சுக் குழாய்களும் கொண்டுபோனேன்.

குளத்துத் தண்ணீர் வடித்த வடிகட்டியைச் சோதிப்பதற்காக நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக அனுமதி வேண்டும். அது எனக்குத் தெரியும். அதற்காக மன்னாரில் ஒரு கந்தோருக்குப் போனேன். அங்கிருந்து இன்னொரு கந்தோருக்கு அனுப்பினார்கள். அங்கே கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, நான் சொன்னதை முழுவதும் கேட்ட அதிகாரி யோசித்தார். "அக்கா, மீனைக் கொண்டுபோக ஒரு படிவம் இருக்கு. மீன் இல்லாத தண்ணிக்கு எந்தப் படிவம்?" என்றார்.

அவர் நல்ல மனிதர். கொழும்புக்கு இரண்டு முறை பேசினார். மீனின் சுவடும் மீனுக்குச் சமம், விண்ணப்பம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்று பதில் வந்தது. சட்டம் சரிதான். பிற நாட்டார் வந்து எங்கள் உயிர்களை அள்ளிக்கொண்டு போகாமலிருக்கப் போட்டது. ஆனால் நான் பிறநாட்டாள் என்று ஒரு படிவத்தில் முதல்முறையாக எழுதியது அங்கேதான். கடவுச்சீட்டைப் பார்த்து எழுதினேன். பேனை கொஞ்சம் நின்று நின்றுதான் போனது.

வீட்டுக்கு வந்தால் மச்சாள் விரால் குழம்பு வைத்திருந்தார். குளத்துக்குப் போகும் ஒருவரிடம் சொல்லிவைத்து வாங்கியது. குளத்தில் விரால் இருக்கிறதா என்று அறிய மூன்று நாள் கந்தோர் கந்தோராக அலைந்தவளுக்கு நடுத்துண்டை எடுத்துப் போட்டு, இதைச் சோதிச்சுப் பார் என்றார்.

மெலனி அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் விளங்கும். ஆனாலும் இருவரும் நாள் முழுக்கப் பேசினார்கள். ஒருமுறை கிணற்றடியில் நின்று, "மாமி, எனக்கு உங்கட வால் தாங்கோ" என்று கேட்டாள். வாளியைத்தான் கேட்டாள். தனக்கு வால் இல்லை, கொம்மாவின் தவளைக்குத்தான் இருக்கிறது என்று மச்சாள் சொல்ல, அயலில் மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தார்கள்.

5

வெளியே கொண்டுபோகத்தானே கூடாது, எப்படிச் செய்வது என்று ஒருமுறை காட்டுங்கள் என்று மெலனி கேட்டாள். ஒரு காலை மூவரும் குளத்துக்குப் போனோம். ஆவணி வெயிலில் தண்ணீர் வற்றி, அலைகரையிலிருந்து தூரம் போயிருந்தது. வெடித்த சேற்றைத் தாண்டி நடந்து, மச்சாள் முழங்கால் தண்ணீரில் நின்று அள்ளித் தர, நான் குழாயில் எடுத்து வடிகட்டியால் தள்ளினேன். வெள்ளைத் தாளில் இளம் மண்ணிறத்தில் ஒரு வட்டம் படிந்தது.

மச்சாள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதில எந்த மீன் இருக்கெண்டு மீனைக் காணாமலே சொல்லுவாய், என்ன?"

"சொல்லலாம் மச்சாள்."

"தவளையையும்?"

"ஓம்."

"அப்ப மனிசரை?"

அவர் எதைக் கேட்கிறார் என்று உடனே விளங்கிவிட்டது. விளங்காதவள் மாதிரித் தொழிலைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். மனிதரின் டி.என்.ஏ. எல்லாத் தண்ணீரிலும் வரும், அள்ளுகிறவரின் கையிலிருந்து வரும், இருமினால் வரும், எங்கள் ஆய்வுகூடத்தில் அதை அழுக்கென்று சொல்லி முதல் வேலையாகக் கழித்துவிடுவோம் என்றெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சொல் எனக்குக் கேட்டது. அழுக்கு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளும் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்ததில்லை.

மச்சாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் உன்னட்ட அதைக் கேக்கேல்லை" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றும் இல்லை, எதுவும் தங்காது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடமும் அவருக்கு ஆளாளுக்கு ஒவ்வொன்று சொல்லியிருந்தார்கள். நானும் அந்த வரிசையில் போய் நிற்க மனம் வரவில்லை. தண்ணீரில் இரண்டு மூன்று கிழமைதான் நிற்கும், இந்த வெயிலில் அதுவும் இல்லை என்றேன். சேற்றில் இன்னும் கூடக் காலம் நிற்கும் என்பதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா மச்சாள், இந்தக் குளத்தில குளிச்ச, தோய்ச்ச, கால் கழுவின எல்லாரும் அந்தச் சேத்தில இருக்கினம். அண்ணனும் எத்தினை வரியம் இதில நிண்டு வலை போட்டவர். அவற்ற சுவடு வந்தாலும், அவர் வாழ்ந்தவர் எண்டுதான் அது சொல்லும். அவருக்கு என்ன நடந்ததெண்டு சொல்லாது. என்னாலயும் ஏலாது."

அவர் வடிகட்டியை என் கையில் திருப்பித் தந்தார். கரைக்கு வந்து ஒரு கல்லில் இருந்தார். சேலைத் தலைப்பால் காலைத் துடைத்தபடி, இதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். காணியின் அனுமதிப் பத்திரம் அண்ணனின் பெயரில் இருக்கிறது. அதைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால் கல்வீட்டுத் திட்டத்தில் சேர முடியாது. மாற்றுவதற்கு அண்ணனைப் பற்றி ஒரு சான்றிதழ் வேண்டும். படிவம் வீட்டில் அலுமாரிக்குள் கிடக்கிறது. எட்டு மாதமாகக் கையெழுத்து வைக்கவில்லை.

"கேக்காத ஆக்களில்லை. முகாமெல்லாம் கேட்டனான். ஆசுப்பத்திரி, கந்தோர், எல்லா இடமும். சாத்திரியிட்டயும் போனன், பங்குச் சாமியார் அறிஞ்சு ஏசினவர். இந்தக் குளம் ஒண்டிட்டத்தான் கேக்கேல்லை. அவர் கடைசியாப் போறன் எண்டு சொன்ன இடம் இதுதானே. இதையும் கேக்காமல் கையெழுத்து வைச்சா, நான் முழுக்கத் தேடேல்லையெண்டு இருக்கும்."

நான் அவர் பக்கத்தில் போய் இருந்தேன். அழுதது நான்தான். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டு குளத்தைப் பார்த்திருந்தார். முகத்தில் ஒரு களைப்பு இருந்தது, நீண்ட நடை முடித்து வந்தவர்களுக்கு இருக்குமே, அது.

மெலனி கொஞ்சம் தள்ளி வாளியோடு நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது என்றுதான் நினைத்தேன். அவள் வந்து மச்சாளின் மற்றப் பக்கத்தில் இருந்து, சொல்லைத் தேடித் தேடி, ஆனால் முழுதாகத் தமிழில், "மாமி, கையெழுத்து வைக்கப் போகேக்க நானும் வாறன்" என்றாள்.

6

மறுநாள் காலை பஸ்ஸில் மூவரும் போனோம். கிராம சேவகரின் கடிதம், விவாகப் பதிவு, அண்ணனின் படம், எல்லாவற்றையும் மச்சாள் பொலித்தீன் பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தார். படம் கலியாணத்தில் எடுத்தது. பாதியில் வெட்டியிருந்ததால் அண்ணனின் தோளில் மச்சாளின் கை மட்டும் தெரிந்தது. மெலனி அதை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, மாமா என்னைப் போல் சிரிக்கிறார் என்றாள். அது உண்மை. எனக்கு அதுவரை தோன்றவில்லை.

அன்று போன காரியம் வீண்போகவில்லை. நாங்கள் இங்கே திரும்பி ஐந்தாம் மாதம் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த வருடம் காணி மச்சாளின் பெயருக்கு வந்தது. இப்போது கல்வீடு முடிந்து, முன்பக்கம் பூச்சு மட்டும் மிச்சம். மெலனி வளர்ந்து, படிப்புக்கு வேறு ஊரில் இருக்கிறாள். எனக்கு ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்புகிறாள், மாமியோடு ஞாயிறு தவறாமல் பிழை பிழையான தமிழில் பேசுகிறாள். எனக்கு அதில் பொறாமை உண்டு, மனக்குறை இல்லை.

நான் அடிக்கடி நினைப்பது அந்தக் கந்தோர் மேசையைத்தான். அங்கே இருந்த அதிகாரி இளம் ஆள். படிவத்தைப் பார்த்து, இரண்டு வழி இருக்கிறது என்று விளக்கினார். மரணச் சான்றிதழ் எடுக்கலாம், அல்லது காணாமற்போனவர் என்று சான்றிதழ் எடுக்கலாம். முதலாவதை எடுத்தால் ஒரேயடியாக வேலை முடியும். இரண்டாவது என்றால் காலம் முடிய முடிய வந்து புதுப்பிக்கவேண்டும், அம்மாவுக்கு வீண் அலைச்சல் என்றார். அவர் குரலில் அக்கறைதான் இருந்தது.

மச்சாள் இரண்டாவதைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி கோடிட்ட இடத்தைக் காட்ட, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார். அந்தோனி ரஞ்சிதமலர். எழுதி முடித்துப் பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

"அலைச்சல் எனக்குப் பழக்கம் தம்பி. காலம் முடிய வாறன். அதுக்கிடையில அவர் வந்திட்டா, ரெண்டு பேருமா வாறம்."

அந்தத் தம்பி முத்திரையைக் கையில் எடுத்தவர் எடுத்தபடியே இருந்தார். பிறகு அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, முத்திரையை நேராக வைத்து அழுத்தினார்.

"ஓம் அம்மா," என்றார். "ரெண்டு பேருமா வாங்கோ."